மெட்ராஸ் ஐ-யா, மாறுகண்ணா?

பிள்ளைகளே, கம்ப்யூட்டர் நின்றாலே வைரஸ் என்கிறீர்கள். இன்று காலை நான் வந்த ரயிலில், கொரட்டூரில் ஏறிய இரண்டு பெண்கள் பேசிக்கொண்டதைக் கேளுங்கள். இளையவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பில் அடிப்பவள்.

"என் பிளாப்பியாலதான் வைரஸ் வந்துச்சாம்க்கா. இன்னியோட நின்னுக்கோன்னு முதலாளி நேத்து சொல்லிட்டாரு."

"மெட்ராஸ் ஐ-யாடி, மாறுகண்ணா?" என்றாள் மூத்தவள்.

"இன்னாக்கா, கிண்டலா?"

"மெட்ராஸ் ஐ ஒட்டிக்கும். மாறுகண்ணு ஒட்டுமா? அந்த பிளாப்பிய வேற மிஷின்ல போட்டியா?"

"பக்கத்து மிஷின்லயும் போட்டேன். அதுல புது பில் புரோகிராம் இல்ல, நல்லாத்தான் ஓடுது. என் மிஷின்ல மட்டும் மாசக் கடைசி தேதி அடிச்சா நின்னுடுது."

"வைரஸ்னா அதுக்கும் தொத்திகினு இருக்கும். இது புரோகிராம் எழுதனவன் வுட்ட தப்பு. போய்ச் சொல்லு."

"எழுதனதே முதலாளியோட மச்சான்தான்க்கா!"

மூத்தவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அப்போ மச்சான் பேர எடுக்காத. ரெண்டு மிஷினையும் ஓட்டிக் காட்டு, போதும்."

இளையவள் தலையாட்டிவிட்டு அம்பத்தூரில் இறங்கிப் போனாள். முதலாளி கேட்டாரோ, இல்லையோ, எனக்குத் தெரியாது. ஆவடியில் இறங்கி, கூட்டம் கலைந்த பிறகு, அம்பத்தூர் பக்கம் திரும்பி அவள் வேலை நிலைக்கட்டும் என்று ஒரு கும்பிடு போட்டேன்.