முப்பது பிள்ளைக்கான கஞ்சி

"ஹலோ... ஹலோ, கல்விக் கந்தோரா? ... அம்பிட்டியப் பள்ளிக்கூடத்து ஐரின் டீச்சர் பேசுறேங்க. ராஜரத்தினம் ஐயா... நீங்கதானா? ஆமா, ஆமா, கடிதம் வந்துச்சு. பாத்துட்டுத்தான் ஓடியாறேன்."

பள்ளிக்கூடத்துக்கு ஏது தொலைபேசி? பங்குச் சாமியார் பங்களாவில் நின்றுதான் கல்வி அலுவலகத்தோடு பேசினாள். மலேரியா என்கிற முறைக்காய்ச்சல் வீட்டுக்கு வீடு ஆளை வாரிக்கொண்டுபோன வருஷம் அது. ஏழைப் பிள்ளைகளின் மத்தியானக் கஞ்சிக்கு அரசாங்கம் பணம் கொடுத்தது. ஆனால் தினமும் முப்பது பேராவது பள்ளிக்கு வந்திருக்க வேண்டும். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளை எப்படி வரும்? வராவிட்டால் கஞ்சியை நிறுத்துவார்களாம். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிற சட்டம்.

"கேளுங்க... கேளுங்க ஐயா. பிள்ளைங்க சோம்பேறித்தனத்துல வராம நிக்கல. ... வீட்டுல குடிக்கட்டுமா? வீட்டுல அடுப்பு எரிஞ்சாத்தானே? ... ஏசலைங்க. உங்கள நான் ஏன் ஏசுறேன்?"

ஏசத்தான் செய்தாள், மனதுக்குள்.

"இன்னைக்கா? முப்பது பேர் இருக்காங்க. ... தாய்மாரு தூக்கிட்டு வந்தாங்க. பாயில படுக்க வச்சிருக்கோம். ... படுத்திருந்தா வரவு இல்லையா? உக்காந்த பிள்ளை, படுத்த பிள்ளைன்னு இடாப்புல தனித்தனியாவா வரவு போடுறோம்?"

மேலதிகாரியைக் கேட்டுவருவதாகச் சொல்லி ராஜரத்தினம் போனார். அந்த நேரம் பார்த்து வாசலில் மூக்காயி வந்து நின்றாள். காலையில் மகள் அங்கம்மாவை முதுகில் சுமந்து வந்தவள் அவள்தான்.

"என்ன மூக்காயி? ... தண்ணி தெளிச்சுப் பாத்தியா? ... எப்ப மூச்சு நின்னுச்சு? ... ஐயோ, மாதாவே."

"ஹலோ... இருக்கேன், இருக்கேங்க. ... படுத்திருந்தாலும் சரியா? ... பேரைச் சொல்லணுமா? எல்லாருடைய பேரையுமா?"

அங்கம்மா போனால் இருபத்தொன்பது பேர்தான். ஐரினோ, பொய் பாவம் என்று தினமும் ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிறவள். மூக்காயி அழவில்லை. கீழே பள்ளிக்கூட முற்றத்தில் தகரக் கோப்பையோடு கஞ்சிக்குக் காத்திருந்த தன் சின்ன மகனை யன்னல் வழியே பார்த்தாள். பிறகு ஐரினைப் பார்த்து, சொல்லு என்று தலையை ஆட்டினாள்.

"சொல்றேங்க... தொண்டை கட்டியிருக்கு, வேற ஒண்ணுமில்ல. எழுதிக்குங்க. முதல் பேர், அங்கம்மா. ... ஆமா, மூக்காயி மகதான். ... ஆமாங்க. வந்திருக்கா."

மற்றப் பெயர்களையும் சொல்லி முடித்தாள். மூக்காயி நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

"அப்ப கஞ்சி நிக்காதுங்களே? ... சரிங்க... சரிங்க. ... நாளைக்கும் முப்பது பேரா? ... இதே பிள்ளைங்களா? ... ஐயா, நான் வைக்கிறேங்க."