பழசு முதலில்

எண்ணெயைப் பெரிய டின்னாக வாங்கினால்தான் கட்டுப்படியாகும். இது தெரியாதவர் யாரும் கிடையாது. இருந்தும் பாதிப்பேர் பாட்டிலாகத்தான் வாங்குகிறார்கள். கேட்டால் தூக்க முடியவில்லை, வைக்க இடமில்லை, கையில் மொத்தமாகக் காசு இல்லை என்பார்கள். முதல் இரண்டும் சோம்பேறிப் பேச்சு. மூன்றாவதை மட்டும் ஒப்புக்கொள்வேன். என் அம்மா அப்படி வாங்கியவள். செங்கல் சுமந்த கூலி கைக்கு வந்ததும் ஒரு சின்னப் புட்டியைக் கொடுத்து என்னைக் கடைக்கு விரட்டுவாள். கடைக்காரர் அந்தப் புட்டியைப் பார்த்த பார்வையும், ஊற்றும்போது கையை வெடுக்கென்று நிமிர்த்திய வேகமும் இன்னும் கண்ணில் நிற்கின்றன. டின்னாக வாங்குகிறவனுக்கு ஒரு விலை, புட்டியாக வாங்குகிறவளுக்கு ஒரு விலை. இல்லாதவன்தான் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. நான் நிதானமாகத்தான் சொல்வேன். இந்த நாற்காலியை மட்டும் மாற்றிப் போடச் சொன்னால் நல்லது. முதுகுத்தண்டு தேய்ந்தவன் நான்.

தேய்ந்தது சரக்குக் கிட்டங்கியில். மீசை அரும்பும்போது மூட்டை தூக்கப் போனவன், நரை விழும்வரை தூக்கினேன். அங்கே மேஸ்திரி எனக்குச் சொல்லிக்கொடுத்தது தூக்குவதை இல்லை, அடுக்குவதை. தூக்க மாடு போதும் என்பார். கனமானது கீழே, லேசானது மேலே. ஒரு வரிசை நீளவாக்கில் என்றால் அடுத்த வரிசை குறுக்குவாக்கில். சுவரில் செங்கல் வைப்பது போல ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ள வேண்டும். பெட்டிக்கு நேர்மேலே பெட்டி வைத்தால் அது வெறும் தூண், ஒன்று அசைந்தால் மொத்தமும் வந்துவிடும். கடைசியாக, முன்பக்கத்து அடியில் மடித்த அட்டை ஒன்றைச் செருக வேண்டும். அப்போது அடுக்கு கண்ணுக்குத் தெரியாத அளவு பின்னால் சாய்ந்து நிற்கும். "அடுக்கு சுவத்தப் பாத்துச் சாயணும்டா, ஆளப் பாத்துச் சாயக்கூடாது" என்பார் மேஸ்திரி. என் கைபட்ட அடுக்கு ஒன்றுகூடச் சரிந்ததில்லை. வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளுங்கள்.

முதுகு போன பிறகு அதே கிட்டங்கி வாசலில் காவலுக்கு உட்கார வைத்தார்கள். சம்பளம் பாதி. அந்தச் சமயத்தில்தான் ஊருக்கு வெளியே மொத்தக்கடை திறந்தது. வருஷச் சந்தா கட்டினால் என் படம் போட்ட அட்டை. அட்டை இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கென்று ஒரு கதவு திறந்தது அந்த அட்டையைக் காட்டித்தான்.

அங்கே வாங்கவும் ஒரு முறை இருக்கிறது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். வீட்டாரைக் கூட்டிப் போகக் கூடாது. கொட்டை எழுத்து விலையைப் பார்க்காமல், மூலையில் பொடி எழுத்தில் கிலோவுக்கு என்ன விலை என்று போட்டிருப்பதைப் பார்க்க வேண்டும். கண்ணுக்கு நேராக இருக்கும் தட்டில் கைவைக்கக் கூடாது. மலிவானதைக் குனிந்து எடுக்கும்படிதான் வைத்திருப்பார்கள். தேதி நெருங்கிய சரக்கில் விலையைக் குறைத்து மஞ்சள் சீட்டு ஒட்டுவார்கள். மஞ்சள் சீட்டைக் கண்டால் யோசிக்கக் கூடாது. இதெல்லாம் நீங்களும் செய்யலாம்.

எங்கள் வீட்டில் ஒரு கூடம், ஒரு சமையலறை, ஒரு உள்ளறை. உள்ளறையில் சரக்கு. சர்க்கரை மூட்டை, எண்ணெய் டின், சோப்புத்தூள், பிஸ்கட் பெட்டி, கூரை தொட அடுக்கியிருந்தேன். நடுவில் விட்ட சந்தில் என் மகளின் மேசை. வீட்டுக்கு ஒரே ஒரு சட்டம்: பழசு முதலில். முதலில் வந்தது தீராமல் அடுத்ததைப் பிரிக்கக் கூடாது. பழசு எப்போதும் அடியில் இருக்கும். நானே மேலிருந்து இறக்கி, அடியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, திரும்ப அடுக்குவேன். முதுகு வலிக்கும். முணுமுணுத்ததில்லை.

அப்போது மச்சான் வந்து சேர்ந்தார். என் மனைவியின் அண்ணன். பஸ் ஓட்டியவர். இடது கண்ணில் பார்வை மங்கிப் போனதால் வேலையை விட்டு இறக்கிவிட்டார்கள். குரல் பெரிசு என்பதால் தெருவில் அவருக்கு ஹாரன் என்று பெயர். ஒரு மாதம் இருக்கிறேன் என்று வந்தவர் பெட்டியைக் கட்டுவதாகவே இல்லை. நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சோறு போட்டேன். பழசுதான், ஆனால் போட்டேன்.

அவர் வாய் சும்மா இருக்காது.

"மாப்ள, இது வீடா கிட்டங்கியா? பாத்ரூம் போயிட்டுத் திரும்பணும்னாக்கூட லாரி மாதிரி ரிவர்ஸ்ல இல்ல வரவேண்டியிருக்கு!"

என் மனைவி சிரித்தாள். அவள் சலவைக் கடையில் நின்றுகொண்டே இஸ்திரி போடுகிறவள். வீட்டுக்கு வந்தால் சிரிக்கத் தெம்பிருக்காது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

இன்னொரு நாள், மஞ்சள் சீட்டில் வந்த குழந்தைப் பவுடர் பெட்டியைப் பார்த்துவிட்டார். வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி, "என்ன மாப்ள, வீட்ல ஏதும் விசேஷமா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லவே இல்லையே!" என்றார். எதிர்வீட்டுத் தையல்காரி துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். பவுடர் பவுடர்தான். குழந்தை போட்டாலும் கிழவன் போட்டாலும் மணம் ஒன்றுதான். இதை அவருக்கு எடுத்துச் சொன்னேன். அதற்கும் சிரித்தார்.

இதெல்லாம் பெரிய விஷயமில்லை. அடுத்ததை மட்டும் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள்.

மகள் பள்ளி இறுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். நான் வேலையிலிருந்து வருவதற்குள் மச்சான் ஸ்டூல் போட்டு ஏறி, உச்சியில் இருந்த புதுப் பெட்டியைப் பிரித்து பிஸ்கட் எடுத்துக் கொடுத்திருக்கிறார். மகள் கூடத்தில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். பயந்த மாதிரி தெரியவில்லை. ஆச்சரியப்பட்ட மாதிரி இருந்தது.

"அப்பா, பிஸ்கட்டு கடிச்சா மொறுமொறுன்னு சத்தம் வரும்னு எனக்குத் தெரியவே தெரியாதுப்பா."

குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். ஆனால் மச்சான் விடுவாரா?

"கேட்டியா தங்கச்சி? ஊர்ல இருக்கறதுலயே அதிக பிஸ்கட்டு உன் வீட்லதான் இருக்கு. உன் புள்ளைக்கு அதோட ருசி தெரியல. மாப்ள புதுசு வாங்குவாரு, பழசாகற வரைக்கும் காவல் இருப்பாரு, அப்பறம் தின்னக் குடுப்பாரு."

மூன்று பேரும் சிரித்தார்கள். மகளும்தான். அன்று ராத்திரி நான் பழைய பிஸ்கட்டில் ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். நமத்திருந்தது. ஆனால் கெட்டுப்போகவில்லை.

அதற்குப் பிறகு அண்ணனும் தங்கையும் தனியாகப் பேச ஆரம்பித்தார்கள். ஒருநாள் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு அவள் சொன்னாள்: "ஏங்க, சாமானுக்கு ஒரு ரூம் இருக்கு. புள்ளைக்கு இல்ல. காலேஜுக்குப் போகப்போறவ எத்தன நாளைக்கு டின்னுக்கு நடுவுல உக்காந்து படிப்பா? அண்ணனுக்குத் தெரிஞ்ச கடைக்காரர் எல்லாத்தையும் எடுத்துக்கறாராம். ஞாயித்துக்கிழம வேன் வரும்."

என்ன விலைக்கு என்று கேட்டேன்.

"பாதிக்கு" என்றார் மச்சான், மணி என்னவென்று சொல்வது போல.

பாதி விலை. கிலோவுக்கு கிலோ பார்த்து, குனிந்து எடுத்து, முதுகில் சுமந்து வந்த சரக்கு. நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை என்று அவர் என் சட்டைப்பையிலிருந்து மொத்தக்கடை அட்டையை உருவினார். தங்கையின் கத்தரிக்கோலை எடுத்தார். என் படத்தில் கழுத்துக்கு நேராக ஒரே வெட்டு.

"இந்தாங்க மாப்ள. இன்னைலேர்ந்து உங்களுக்கு விடுதலை!"

கைதட்டினார். நான் துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டேன். உங்கள் ஆட்கள் சோதனை போட்டபோது கிடைத்தவை அவைதான். என்னவென்று கேட்டார்கள், அப்போது சொல்லவில்லை.

சனிக்கிழமை நானாகவே சம்மதம் என்றேன். வேனுக்கு ஏற்றத் தோதாகச் சரக்கைக் கதவுப் பக்கம் கொண்டுவந்துவிடலாம் என்றேன். மனைவிக்கு நம்ப முடியவில்லை. டீ போட்டுக் கொடுத்தாள், கேட்காமலே. முதல் வேலையாக மகளின் மேசையைக் கூடத்துக்கு எடுத்துப் போட்டேன். பிறகு மச்சானைக் கூப்பிட்டேன். அவர் எடுத்துக் கொடுக்க, நான் அடுக்கினேன். நல்ல தெம்பு அவருக்கு. பஸ் ஓட்டிய கை. பிஸ்கட் பெட்டிகளை அடியில் வைத்தேன். அதன்மேல் சோப்புத்தூள். அதன்மேல் எண்ணெய் டின். எல்லாவற்றுக்கும் மேலே சர்க்கரை மூட்டைகள். உள்ளே நுழைகிறவருக்கு இடது கைப் பக்கமாக.

"என்ன மாப்ள, ஒண்ணு மேல ஒண்ணு நேரா வெக்கிறீங்க? எப்பவும் மாத்தி மாத்தி இல்ல வெப்பீங்க?" என்று கேட்டார். கவனித்திருக்கிறார். அது எனக்கு ஆச்சரியம்தான். என்னை அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியாது.

"நாளைக்கு எடுக்கத்தானே போறோம் மச்சான். நேரா இருந்தா லேசு" என்றேன்.

"அதுவும் சரிதான். தொழில் தெரிஞ்சவரு" என்று தோளில் தட்டினார். வியர்வையோடு இரண்டு பேரும் கதவோரம் உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம். அவருக்குக் கண் அறுவை செய்துகொள்ள ஆசை இருப்பதாகச் சொன்னார். பார்வை வந்தால் மறுபடி வேலைக்குப் போய்விடுவாராம், எனக்குப் பாரமாக இருக்க மாட்டாராம். நல்லது என்றேன்.

மறுநாள் காலை வேன் வருவதற்கு முன், மனைவி சமையலறையிலும் மகள் வாசலிலும் இருந்தார்கள். அப்படி இருக்கும்படி நான் பார்த்துக்கொண்டேன். மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளறைக்குப் போனார். எங்கேருந்து ஆரம்பிக்க மாப்ள என்று கேட்டார்.

"அடியில இருக்கறத இழுங்க மச்சான். பழசு முதல்ல" என்றேன்.

எங்கள் வீட்டுச் சட்டத்தை அவர் கடைப்பிடித்தது அந்த ஒரு தடவைதான். குனிந்து, இரண்டு கையாலும் பிடித்து, பலமாக இழுத்தார். மேலே பார்த்திருக்கலாம். அந்தப் பக்கத்துக் கண்ணில்தான் தெரியாதே.

அக்கம்பக்கத்தில் எல்லோரும் பார்த்துவிட்டு, இவ்வளவு சாமான் வைத்தால் என்றைக்காவது இப்படித்தான் ஆகும் என்றார்கள். நீங்களும் விபத்து என்றுதான் எழுதினீர்கள். துக்கம் கேட்க மேஸ்திரி வந்தார். இன்னும் எதையும் அப்புறப்படுத்தியிருக்கவில்லை. உள்ளறை வாசலில் நின்று மூட்டைகளைப் பார்த்தார், அடியில் நசுங்கிய பிஸ்கட் பெட்டிகளைப் பார்த்தார். சிரமப்பட்டுக் குனிந்து, சுவர்ப்பக்கத்து அடியிலிருந்து மடித்த அட்டையை உருவி எடுத்தார்.

"இத யார்றா அடுக்குனது?"

"நான்தான்."

"நீயா?"

 அட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். நேராக உங்களிடம் வந்திருக்கிறார் என்று இப்போது தெரிகிறது. வருத்தமில்லை. தொழிலில் அவர் அப்படித்தான்.

மகள் அதற்கு முன்பே கேட்டுவிட்டாள். "அப்பா, வேன் மறுநாள்தானே வர்றதா இருந்துச்சு. என் மேசைய மட்டும் ஏன்ப்பா முன்னாடியே வெளிய எடுத்துப் போட்டீங்க?" படிக்க வெளிச்சம் வேண்டும் என்பதற்காக என்றேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்து போய் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். யாருக்காக அந்த மேசையை எடுத்துப் போட்டேன் என்று ஒருநாள் அவளுக்குப் புரியும்.

ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்து செய்தேன். அட்டையைச் சுவர்ப்பக்கம் செருகியது நான், கனத்தை மேலே ஏற்றியது நான், அடியில் இழுக்கச் சொன்னது நான். கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவர்மேல் எனக்குக் கோபமே கிடையாது. குடும்பத்துக்கு ஒரு நஷ்டம் வர இருந்தது, தடுத்தேன்.

கையெழுத்துப் போடுகிறேன், கொடுங்கள். வீட்டுக்குத் தகவல் சொல்ல ஆள் போனால் ஒன்றை மட்டும் ஞாபகப்படுத்தச் சொல்லுங்கள், அவளுக்கு இதிலெல்லாம் கவனம் போதாது. சர்க்கரையில் ஒரு மூட்டைதான் கிழிந்திருக்கிறது. நனைந்த பக்கத்தை அள்ளிப் போட்டுவிட்டால் மீதி நல்ல சரக்குதான். புது மூட்டையைப் பிரிக்க வேண்டாம், அதை முதலில் தீர்க்கட்டும்.