கஸ்பருக்கு ரீவி படிப்பிச்ச இங்கிலிஷ்

...பின்னை என்ன பிள்ளை, ரீவியைப் பாத்து ஆரும் பாசை படிப்பினமோ? இவர் படிச்சவர்! இவரெண்டா கஸ்பர், என்ர மனுசன். பேக்கரியிலை வேலை. வகுப்புக்குப் போங்கோவன் எண்டா வெக்கமாம். காலமை ரீவியிலை இங்கிலிஷ் பாடம் போகும். சேர்ட்டுப் போட்டு, தலை சீவி இழுத்து, அதுக்கு முன்னாலை போய் இருப்பார். ஜூலி எண்டு ஒரு ரீச்சர். அவ ஒரு கேள்வி கேப்பா, கொஞ்சம் பொறுப்பா, பிறகு 'வெரி குட்!' எண்டுவா. இவர் என்னத்தைச் சொன்னாலும் வெரி குட்தான்! 'யெஸ்ரடே ஐ கோ' எண்டார்... அதுக்கும் வெரி குட்! பிழையப்பா எண்டா, 'ரீச்சரே சரியெண்டுறா, உனக்கென்ன?' எண்டு என்னிலை பாயுறார்.

பிறகு இந்த நாட்டுச் சிற்றிசனாகிறதுக்கெண்டு ரெஸ்ற், அதுதான் சோதினை, எடுக்க வந்தார். நாங்கள் இப்ப காத்துக்கொண்டிருக்கிற இதே இடந்தான். உள்ளை இருந்த மனுசி, 'உங்கட வைஃபின்ர பேர் என்ன?' எண்டு கேட்டிருக்கிறா. 'றோசலின்' எண்டிருக்கிறார். அவ பேசாமல் எழுதினபடி. இவருக்குப் பயம் பிடிச்சிட்டுது... வெரி குட் வரேல்லையே! பிழையாக்குமெண்டு 'மிஸஸ் கஸ்பர்' எண்டார். அதுக்கும் சத்தமில்லை. கடைசியிலை என்ன சொன்னவர் தெரியுமோ? 'ஜூலி'!

சிரியுங்கோ, சிரியுங்கோ. எனக்கும் இப்ப சிரிப்புத்தான். அண்டைக்கு வரேல்லை. ஃபெயில் எண்டு குசினி வாசல்லை நிண்டு சொல்லேக்கை மனுசன் அழுதிட்டார். நான் என்ன செய்தன்? வந்த கோவத்துக்கு ரீவியைக் கழட்டி மேல்மாடி அகஸ்ரினுக்குக் குடுத்திட்டன்!

அது நல்லதாப் போச்செண்டு வையுங்கோவன். வேற வழியில்லாமல் பின்னேர வகுப்புக்குப் போனார். அங்கை பிழையெண்டாப் பிழையெண்டு முகத்துக்கு நேரை சொல்லுவினமாம். போன மாசம் பாஸ்!

என்ன கேட்டனீங்கள்? நானோ?... ம்ம். அவரைக் கூட்டிக்கொண்டு வரேல்லை, பிள்ளை. இண்டைக்கு எனக்குத்தான் ரெஸ்ற். 'நீயும் வாவன் வகுப்புக்கு' எண்டு அவரும் எத்தினை தரம் கேட்டவர். எனக்கும் வெக்கம்! அவர் பாடம் பாக்கேக்கை குசினிக்குள்ளை நிண்டு, வெங்காயம் வெட்டி வெட்டி, நானும் வாய்க்குள்ளை சொல்லிச் சொல்லித்தான் உந்தக் கொஞ்சமும் பிடிச்சனான். இருந்த ஒரு ரீச்சரையும் நானே தூக்கிக் குடுத்திட்டன்...

ஐயோ, என்னைத்தான் கூப்பிடுறாங்கள்! யெஸ், யெஸ், கமிங்!... எழும்ப ஒருக்காக் கை தாங்கோ, பிள்ளை.