லங்கிமைனா சீர் வாங்கியது குற்றமா?

வாழ்த்துச் சொல்லும் முன்னால் ஒரு திருத்தம். சற்று முன் என்னைப் பேச அழைத்த அவைத் தலைவர், "சூறாவளியில் வீட்டையும், நிவாரணத்தில் கடைசிப் பாயையும் பறிகொடுத்த ஏழை விதவை ஆக்கெனேசே" என்றார். வீடு போனது உண்மை. விதவை என்பதும் உண்மை. ஏழை என்பது பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தது. ஆனால் பாயை நான் பறிகொடுக்கவில்லை; கொடுத்தேன். அது கடைசிப் பாயும் அல்ல. சீர் கொடுக்கவென்றே மாதக்கணக்கில் பின்னிய, என்னிடம் இருந்ததிலேயே சிறந்த சீர்ப்பாய் அது. மிச்சம் மீதியைக் கொடுப்பது என் வழக்கமில்லை.

இனி வணக்கம்.

திருத்தத்தைப் புன்னகையோடு தாங்கிக்கொண்ட அவைத் தலைவர் அருட்தந்தை பெனிதித்தோ அவர்களே! கூரை பறந்தபோதும் குரல் தாழாத ஊர்த் தலைவர் செயுமாலோ அவர்களே! தலைநகர் ஆப்பியாவிலிருந்து கப்பலேறி வந்திருக்கும் பேராசிரியர் பிரென்னன் அவர்களே! (யாராவது அவருக்கு ஓர் இளநீர் வெட்டுங்கள். நான் சீக்கிரம் முடிக்கப் போவதில்லை.) சேற்றைக் கழுவி, சேம்பை மறுபடி நட்டு, செத்த கோழிகளைப் புதைத்துவிட்டு, வெள்ளை உடையில் வெளுப்பாக வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! எல்லோரையும் வணங்குகிறேன்.

இந்த ஊர்க்கூட்டத்தில் நான் பேச வந்தது நம் ஊர்ப் பெண் லங்கிமைனாவுக்காக. அதோ, தூணுக்குப் பின்னால் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். நிமிர்ந்து உட்கார், பெண்ணே. கன்னியர் மடத்துப் பள்ளியில் எங்களுக்கு முதல் பாடம் அதுதான்.

அவள் எனக்கு உறவா? இல்லை. நட்பா? அதுவும் இல்லை. அவள் அப்பாவின் பன்றிகளும் என் சேம்புத் தோட்டமும் நெடுங்காலப் பகை என்பது ஊரறியும். ஆகவே நான் சொல்லப்போவதில் தயவு தாட்சண்யம் கிடையாது.

அவள் பல்கலைக்கழகத்தில் பேரிடர் உதவிப் பணி படிக்கிறாள். இறுதி ஆண்டு. "ஆக்லாந்துக்குப் போய் நர்ஸ் ஆயிடுடி, நாங்களும் வந்து ஊரைப் பாப்போம்" என்றார்கள் அத்தைமார். இவள் என்ன சொன்னாள்? "புயல் அடிச்சா எல்லாரும்தான் வர்றாங்க, அத்தை. வர்றவங்கள்ல நம்மள மாதிரி தீவுக்காரங்க யாரு இருக்காங்க? நாளைக்கு டோங்காவுல அடிச்சா நான் போகணும். வனுவாட்டுல அடிச்சாலும் போகணும்." புள்ளியியலில் ஒருமுறை தோற்றாள். மறைத்தாளா? ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று தானே சொன்னாள். மறுமுறை எழுதித் தேறினாள்.

முதலாண்டு விடுமுறையில் என்னிடம் வந்தாள். "பெரியம்மா, ஆபத்துல யாருக்கு முதல்ல உதவணும்னு பாடம் எடுத்தாங்க. வயசானவங்க, விதவைங்க, தனியா இருக்கறவங்க. நீங்க மூணுலயும் வர்றீங்க!"

"மூணுலயும் முதலாவதா வர்றேனா?" என்று கேட்டேன்.

சிரியுங்கள். அவளும் சிரித்தாள்.

பிறகு சூறாவளி வந்தது. அதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? பின்னாலேயே நிவாரண லாரி வந்தது. களப்பயிற்சிக்காக அதில் லங்கிமைனாவும் வந்தாள். இன்னார் அனுப்பியது, இவ்வளவு என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சொல்லியிருந்தார்கள். மற்ற ஊர்களில் மற்ற மாணவர்கள் காகிதத்தைப் பார்த்துப் படித்தார்கள், முடிந்தது. இவள் நின்றதோ சொந்த ஊரில்! வளர்ந்த வளர்ப்பு விடுமா? ஊரின் தலைமைப் பட்டப்பெயர்களை முறை பிசகாமல் சொன்னாள். தலைவர்களை ஒவ்வொருவராக வாழ்த்தினாள். அதன் பிறகே அரிசியையும் மீன் டப்பாவையும், அனுப்பியவர் பெயரோடு உரக்கச் சொன்னாள்.

ஊரை வாழ்த்தி, பெயர் சொல்லி, முன்னால் வைத்த பொருளுக்கு நம்மிடம் என்ன பெயர்? சீர்! சீர் வந்த வீட்டிலிருந்து பதில் சீர் போகாமல் இருந்ததுண்டா?

ஒருவரும் மூட்டையைத் தொடவில்லை. எல்லோரும் வீட்டைப் பார்த்து ஓடினோம். "ஏன் ஓடறாங்க? மறுபடி அலை வருதா?" என்று லாரி மேல் ஏறிவிட்டார் அவளோடு வந்த நிவாரண அதிகாரி. நாங்கள் திரும்பி வந்தோம். அவித்த சேம்போடு வந்தோம். பாய்களோடு வந்தோம். ஒரு பன்றியோடும்...

என்ன அங்கே? "அந்தப் பன்னி என்னோடது"? ஆமாம் லாஃபாயே, நீ கொடுத்த பன்றிதான். ஊருக்கே தெரியும். உட்கார்.

நான் பாயை நீட்டினேன். லங்கிமைனா ஓரடி பின்வாங்கினாள்.

"வேண்டாம் பெரியம்மா. உதவி வாங்கறவங்ககிட்ட எதையும் வாங்கக் கூடாதுன்னு விதி."

"விதி போட்டவங்களுக்குக் கூரை இருக்கா?"

"இருக்கு."

"எனக்கு இல்ல. கூரை போனதோட கொடுக்கற கையும் போச்சுன்னு ஊர் முன்னால சொல்லப் போறியா?"

அதிகாரியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தன் படிப்பு அந்த நொடியில் தொங்குகிறது என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தே பாயை இரு கைகளாலும் வாங்கி, சீரை ஏற்கும் முறைப்படி தலைக்கு மேல் உயர்த்தினாள்.

அவள் தனக்கென்று எதையாவது வைத்துக்கொண்டாளா? பன்றியும் சேம்பும் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த, வீடிழந்த குடும்பங்களுக்குப் போயின. பாய்களை நிவாரண அலுவலகத்தில் ஒப்படைத்தாள். அவர்கள் அவற்றுக்குச் சீட்டு ஒட்டி, விதி மீறலுக்குச் சாட்சிப் பொருளாக்கினார்கள். என் பாய் மீது பசை!

அடுத்த முறை வந்தபோது ஒலிபெருக்கி இல்லை. மண்டபத்தில் எங்களோடு தரையில் உட்கார்ந்து சொன்னாள்: "போன தடவ தப்பு என்மேல. இது யாரும் அனுப்பின சீர் இல்ல. ஆபத்துக்குன்னு நாடு எடுத்து வெச்ச உங்க பங்கு. பங்குக்குப் பதில் கிடையாது." லாஃபாய்கூட வெறுங்கையோடு வாங்கிப் போனான். எந்த வகுப்பறையில் கிடைக்கும் இந்தப் பாடம்? தவறினாள், தானே கண்டுபிடித்தாள், தானே திருத்தினாள். இதற்குப் பெயர் படிப்பு இல்லையென்றால், வேறு எதற்குப் பெயர் படிப்பு?

பேராசிரியர் அவர்களே! "பசித்தவர்களிடம் வாங்கினாள்" என்று சொல்லி அவள் களப்பயிற்சியை உங்கள் பல்கலைக்கழகக் குழு ஏற்காமல் நிறுத்தி வைத்திருக்கிறது. அது தேறாவிட்டால் பட்டம் இல்லை. பட்டம் இல்லாவிட்டால் அவள் கேட்கும் பணியும் இல்லை. உங்கள் விதி நல்ல விதி. ஏழையிடம் பிடுங்குகிறவனைத் தடுக்கப் போட்ட விதி. அது இருக்கட்டும். ஆனால் கேட்கிறேன்: பசித்தவர் வாங்குவதற்கு மட்டும் பிறந்தவரா? வீடு விழுந்தால் மானமும் விழுந்துவிடுமா? அரிசி தந்து எங்கள் வயிற்றைக் காத்தீர்கள், நன்றி. பாயை ஏற்று எங்கள் முகத்தைக் காத்தவள் இவள்! நாளை இன்னொரு தீவில், இன்னொரு கிழவி, இடிந்த வீட்டின் முன் எதையோ நீட்டிக்கொண்டு நிற்பாள். அப்போது எதிரே யார் நிற்க வேண்டும்? விதியை மட்டும் படித்தவரா? விதியையும் படித்து, அந்தக் கிழவியின் முகத்தையும் படிக்கத் தெரிந்தவளா?

கைதட்டல் போதும். தட்டலை வைத்துப் பட்டம் தரமாட்டார்கள்.

பேராசிரியர் தலையசைக்கிறார். மரியாதையான மனிதர். ஆனால் அசைந்த தலை கப்பலேறியதும் என்ன நினைக்கும் என்று எனக்குத் தெரியாது. பாயைக் கொடுத்தவள் நான். என்னை உங்கள் குழு ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

பொறுமையாகக் கேட்ட அவைக்கு நன்றி. குறுக்கே பேசியவர்களுக்கும் நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.

பேராசிரியர் அவர்களே, லங்கிமைனாவின் களப்பயிற்சியை ஏற்கிறீர்களா, இல்லையா, என்ன காரணத்தால் என்பதை, எங்கள் ஊர்ப் பெண்கள் குழுவின் பெயருக்கு எழுத்தில் பதிலாக அனுப்புங்கள்.