சனிக்கிழமைப் பேசின்

பக்கத்து வீட்டம்மா: பொத்தான் தைக்கத்தான் அக்கா வந்தேன். வேற எதுக்கு வரப் போறேன்?

தையல்காரம்மா: ஒரு பொத்தானுக்கா? உன் வீட்டுல ஊசி இல்லையா?

பக்கத்து வீட்டம்மா: ஊசி இருக்கு. நூல் கோக்கத்தான் கண்ணு தெரியல.

தையல்காரம்மா: தெரு முனையில எவன் எந்த வீட்டுக்குள்ள போறான்னு மட்டும் நல்லாத் தெரியுது.

பக்கத்து வீட்டம்மா: அது தூரத்துப் பார்வை அக்கா. கிட்டத்துலதான் மக்கர் பண்ணுது... உள்ள யாரு?

தையல்காரம்மா: யாருமில்ல. சட்டையக் குடு, தச்சுத் தர்றேன். கிளம்பு.

பக்கத்து வீட்டம்மா: திரை போட்டிருக்கே.

தையல்காரம்மா: அளவு எடுக்கிற ரூம். திரை போடாம தெருவுல வச்சா அளவு எடுப்பாங்க?

பக்கத்து வீட்டம்மா: யாருமில்லன்னீங்க. அப்ப யாருக்கு அளவு?

தையல்காரம்மா: ...யாராவது வந்தா.

பக்கத்து வீட்டம்மா: சரி சரி. நான் ஒண்ணும் கேக்கல. பழைய போதகர் ஐயா உள்ள போனத நான் பார்க்கவும் இல்ல.

தையல்காரம்மா: ம்...

பக்கத்து வீட்டம்மா: கையில பேசின். தோள்ல துண்டு. கக்கத்துல ஒரு பொட்டலம். நான் பார்க்கவே இல்ல.

தையல்காரம்மா: உனக்கு என்னதான் வேணும்?

பக்கத்து வீட்டம்மா: எனக்கென்ன வேணும்... இன்னிக்கு சாயங்காலம் மூப்பர் மன்றம் கூடுது. நம்ம சபை மட்டுமில்ல, சுத்துவட்டாரத்துச் சபைக்கெல்லாம் மேல இருக்கிற மன்றம். ஐயாவக் கூப்பிட்டு விசாரிக்கப் போறாங்க. தெரியும்தானே?

தையல்காரம்மா: தெரியும். எவளோ போய்ப் பத்த வச்சிருக்கா.

பக்கத்து வீட்டம்மா: எவளோ இல்ல, நான்தான். பத்த வைக்கல்லாம் இல்ல... நம்ம மூப்பர் சம்சாரம் கிட்ட லேசா, பேச்சோட பேச்சா...

தையல்காரம்மா: நீ லேசாச் சொன்னா ஊருக்கே கேக்கும்.

பக்கத்து வீட்டம்மா: பொய்யா சொன்னேன்? நம்ம பிரஸ்பிட்டேரியன் சபையில சட்டம்னா சட்டம். ஓய்வு வாங்கின போதகர் பழைய சபையில தலையிடக் கூடாது. பிரசங்கம் கிடையாது, வீட்டு ஜெபம் கிடையாது, கல்யாணம், அடக்கம் எதுவும் கிடையாது. பழையவர் அங்கேயே சுத்திக்கிட்டிருந்தா புதுசா வந்தவர எவன் மதிப்பான்?

தையல்காரம்மா: அவர் எங்க சுத்துறாரு? ஞாயித்துக்கிழமை பஸ் ஏறி வேற சபைக்குல்ல போறாரு. முப்பது வருஷம் நின்ன சர்ச் வாசல்ல இப்ப நிழலுக்குக்கூட ஒதுங்கறதில்ல.

பக்கத்து வீட்டம்மா: ஞாயித்துக்கிழமை போறாரு. சனிக்கிழமை உங்க வீட்டுக்குள்ள வந்துடறாரே. ஒவ்வொருத்தரா உள்ள போறாங்க, கதவு சாத்திக்குது, கொஞ்ச நேரம் கழிச்சு வெளிய வர்றாங்க. நான் முதல்ல என்ன நெனச்சேன் தெரியுமா? ஞானஸ்நானம்.

தையல்காரம்மா: என்னது?

பக்கத்து வீட்டம்மா: பேசின், தண்ணி, துண்டு... வேற என்ன நெனைக்கிறது? ஐயா தனிச் சபை ஆரம்பிச்சுட்டாரு, பெரியவங்களுக்கெல்லாம் மறுபடி ஞானஸ்நானம் குடுக்குறாருன்னு நெனச்சேன்.

தையல்காரம்மா: அந்தப் பேசின்ல ஒரு கோழி முங்காது.

பக்கத்து வீட்டம்மா: அதான் எனக்கும் குழப்பம். அப்புறம் பார்த்தா தலைமையாசிரியர்... ஓய்வு பெற்றவர்... பளபளன்னு ஷூ போட்டுக்கிட்டு உள்ள போனாரு. வெளிய வரும்போது ஷூ கையில இருக்கு, காலுல ரப்பர் செருப்பு. எந்தச் சபையில அக்கா ஷூவக் கழட்டச் சொல்றாங்க?

தையல்காரம்மா: உன் கண்ணுல கொள்ளிய வைக்க.

பக்கத்து வீட்டம்மா: வைங்க. அதோட முடியல. பாட்டுக்குழுவுல அடிக்குரல் எடுத்துப் பாடுவாரே, அவர் நொண்டிக்கிட்டே உள்ள போனாரு. திரும்பி வரும்போது கல்யாண மாப்பிள்ளை மாதிரி நேரா நடந்து வர்றாரு. உடம்பு சிலிர்த்துப் போச்சு எனக்கு. அற்புத சுகம்!

தையல்காரம்மா: ஐயோ... அதையுமா போய்ச் சொன்ன?

பக்கத்து வீட்டம்மா: அதத்தான் முதல்ல சொன்னேன். மூப்பருக்கு முகம் செத்துப் போச்சாம். நம்ம சபையில போய் கை வச்சுக் குணமாக்குறாராம்னு... புதுப் போதகர் பாவம், தலையும் புரியல, வாலும் புரியல. மூணு வாரமா ஒற்றுமையப் பத்தியே பிரசங்கம் பண்ணிக்கிட்டு இருக்காரு.

தையல்காரம்மா: சிரிக்காத. மன்றத்துல என்ன செய்வாங்கன்னு தெரியுமா உனக்கு?

பக்கத்து வீட்டம்மா: கண்டிச்சு விடுவாங்க.

தையல்காரம்மா: போதகர் வரிசையிலேருந்தே எடுத்துருவாங்க. அப்புறம் அவர் போதகரே இல்ல. பேருக்கு முன்னாடி அந்த ஒரு வார்த்தைதான் அவருக்கு மிச்சம். வீடுன்னு ஒண்ணு கட்டல, மருந்துக்கடை மாடியில ரெண்டு ரூம் வாடகை. அந்த வார்த்தையும் போகணுமா?

பக்கத்து வீட்டம்மா: அவ்வளவு தூரம் போகுமா...

தையல்காரம்மா: என் வீட்டுக்காரர் விட்டுட்டுப் போனப்ப இந்த மிஷின எங்கேயோ ஏலத்துல எடுத்து, அவரே கை வண்டியில தள்ளிட்டு வந்தாரு. உனக்குப் பிரசவம் ஆனப்ப?

பக்கத்து வீட்டம்மா: ஆஸ்பத்திரி பெஞ்சுல ராத்திரி முழுக்க உக்காந்திருந்தாரு. யாரு இல்லன்னா? அதனாலதான் அக்கா எனக்குத் தாங்கல. அப்படிப்பட்ட மனுசன் இப்படித் திரைக்குப் பின்னால... அது என்ன சத்தம்?

தையல்காரம்மா: எது?

பக்கத்து வீட்டம்மா: டக்குன்னு.

தையல்காரம்மா: நூல் வெட்டுற சத்தம்.

பக்கத்து வீட்டம்மா: கத்திரி உங்க மடியில இருக்கு. மறுபடியும் டக்குங்குது. மருந்துத் தண்ணி வாசம் வேற வருது. அக்கா, கர்த்தருக்குப் பயந்து ஒரு உண்மையச் சொல்லுங்க. உள்ள என்ன நடக்குது?

தையல்காரம்மா: மெதுவாப் பேசு... நகம் வெட்டுறாரு.

பக்கத்து வீட்டம்மா: நகமா?

தையல்காரம்மா: கால் நகம். வயசானவங்களுக்கு. குனிய முடியாது, கண்ணும் தெரியாது. நகம் தடிச்சு, வளைஞ்சு, சதைக்குள்ளயே இறங்கிடுது. வெதுவெதுன்னு தண்ணியில ஊற வச்சு, குறடு மாதிரி ஒரு வெட்டி வச்சிருக்காரு, அதால கொஞ்சம் கொஞ்சமா எடுக்குறாரு. பாட்டுக்காரர் நொண்டினது அதனாலதான். வெட்டினதும் நடந்தாரு. அற்புதமாம் அற்புதம்.

பக்கத்து வீட்டம்மா: அட... இதுக்கா இவ்வளவு மூடுமந்திரம்? அவங்கவங்க வீட்டுக்குப் போய் வெட்டிட்டு வர வேண்டியதுதானே?

தையல்காரம்மா: வீட்டுக்குப் போனா அது போதகர் சந்திப்பு ஆயிடுமாம். சட்டம் இருக்கே. அதான் இங்க வர்றாரு. ஜெபம் பண்ணச் சொல்லி அழுவாங்க. நான் பண்ணக் கூடாது, புதுப் போதகரக் கூப்பிடுங்கன்னு சொல்லிட்டு வாயே திறக்காம வெட்டுவாரு. சட்டத்த ஒரு நூல்கூடத் தாண்டல அவரு.

பக்கத்து வீட்டம்மா: சட்டத்தக் காப்பாத்தப் போய்த்தான் திருடன் மாதிரி ஆயிட்டாரா?

தையல்காரம்மா: உன் புண்ணியத்துல.

பக்கத்து வீட்டம்மா: ஏன் அக்கா... இவருக்கு எப்படித் தோணிச்சு இந்த வேலை?

தையல்காரம்மா: கேட்டேன். ஓய்வு வாங்குறதுக்குக் கொஞ்சம் முன்னால, படுக்கையில கிடந்த ஒருத்தர் பக்கத்துல நின்னு கண்ண மூடி ஜெபம் பண்ணியிருக்காரு. கண்ணத் திறந்தா போர்வை விலகியிருக்கு. அந்தக் காலப் பார்த்துட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடலையாம். இத்தனை வருஷமா இந்த வீடுகள்ள கண்ண மூடிக்கிட்டே நின்னிருக்கேனே அம்மான்னாரு.

பக்கத்து வீட்டம்மா: ...சரி, இத மன்றத்துல சொல்லிட்டா முடிஞ்சது.

தையல்காரம்மா: யாரு சொல்றது? ஐயா சொல்ல மாட்டாரு. யார் காலு, எவர் காலுன்னு வெளிய விட மாட்டேன்னு வந்தவங்களுக்கெல்லாம் வாக்குக் குடுத்திருக்காரு. எங்கிட்டயும் வாங்கிக்கிட்டாரு.

பக்கத்து வீட்டம்மா: தலைமையாசிரியர் சொல்லட்டும்.

தையல்காரம்மா: ஊர்ப் பிள்ளைங்க நகத்தையெல்லாம் நீட்டச் சொல்லிப் பார்த்து அடிச்ச மனுசன். கூட்டத்துல எந்திரிச்சு என் கால் நகம் எனக்கு எட்டலன்னு சொல்லுவாரா?

பக்கத்து வீட்டம்மா: அப்ப நானே போய்ச் சொல்றேன்.

தையல்காரம்மா: நீ முதல்ல அற்புத சுகம்ன, அப்புறம் ஞானஸ்நானம்ன. இப்ப நகம்னு போய் நின்னா, மூப்பர் உன்னத்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாரு.

பக்கத்து வீட்டம்மா: அதுவும் சரிதான்... கொஞ்சம் தண்ணி குடுங்க அக்கா.

தையல்காரம்மா: அந்தச் செம்புல இருக்கு, எடுத்துக்க. குடிச்சிட்டுக் கிளம்பு, பொத்தானத் தச்சு நான் அனுப்புறேன்.

பக்கத்து வீட்டம்மா: முன்னாடியே எங்கிட்ட சொல்லியிருந்தா எங்க மாமியாரையும் கூட்டிட்டு வந்திருப்பேன்.

தையல்காரம்மா: ...உன் மாமியார எதுக்கு இப்ப இழுக்குற?

பக்கத்து வீட்டம்மா: அவங்களும் காலப் பிடிச்சுக்கிட்டே முனகுவாங்க. எண்ணெய் தேய்க்கட்டுமா அத்தைன்னு கேட்டா போர்வைய இழுத்து மூடிக்குவாங்க. எங்ககூட இருக்க வந்த நாள்லேருந்து அப்படித்தான். நான் என்ன தீண்டத் தகாதவளா? என் கை பட்டா சுட்டுடுமா?

தையல்காரம்மா: மெதுவாப் பேசுன்னு சொன்னேன்.

பக்கத்து வீட்டம்மா: ஏன்? அவங்க எங்க வீட்டுல ரூம் கதவச் சாத்திக்கிட்டுத் தூங்குறாங்க, கேக்கவா போகுது? சனிக்கிழமைன்னா மத்தியானமே தாழ்ப்பாள் போட்டுடுவாங்க. மகன் பெத்த பிள்ளை போய்க் கதவத் தட்டினாக்கூடத் திறக்க மாட்டாங்க... சனிக்கிழமைன்னா...

தையல்காரம்மா: சட்டையில வேற பொத்தான் ஏதாவது லூசா இருக்கா பாரு.

பக்கத்து வீட்டம்மா: அக்கா. உங்க பின்வாசல் எங்க கொல்லையப் பார்த்துத்தானே இருக்கு?

தையல்காரம்மா: நீதான் எப்பவும் முன்வாசலையே பார்த்துக்கிட்டு நிப்பியே.

பக்கத்து வீட்டம்மா: எங்க கொல்லைக் கதவு கொண்டி நேத்து எண்ணெய் போட்ட மாதிரி இருந்துச்சு... நான் போடல... உள்ள யாரு அக்கா?

தையல்காரம்மா: வாக்குக் குடுத்திருக்கேன்மா. என்னக் கேக்காத.

பக்கத்து வீட்டம்மா: நான் திரையத் தொடல. ஆனா பதில் வராம இங்கேருந்து நகரவும் மாட்டேன்.

திரைக்குப் பின்னாலிருந்து, மாமியார்: அவளக் கேக்காத, நானே சொல்றேன்... உன் கை பட்டா சுடும்னு இல்லடி. ஆட்டுக் கொம்பு மாதிரி வளைஞ்சு கிடக்குற இந்தக் காலப் பார்த்துட்டு, மறுநாள் எனக்குச் சோறு போடும்போது உன் முகம் எப்படி இருக்குமோன்னுதான் மூடிக்கிட்டேன். சாயங்காலம் என்னய அந்த மன்றத்துக்குக் கூட்டிட்டுப் போ. ஐயா எனக்குக் குடுத்த வாக்க நானே உடைச்சிக்கிறேன். செருப்பக் கழட்டி மேசை மேல கால வைக்கிறேன், எல்லாரும் பார்க்கட்டும். அதுக்கு முன்னாடி நீ உள்ள வா. வலது கால் முடிஞ்சிடுச்சு, பார்க்கச் சுமாரா இருக்கும். இடது கால ஐயா இன்னும் தொடல... நீ அதப் பாரு முதல்ல.