பூங்காவில் அப்பாவைக் காணோம்

யூஃபென்: ...குளத்துப் பக்கம்தான்னு சொன்னேனே தம்பி. படகுத்துறையில பார்த்தியா?

லீச்சுவான்: பார்த்தேன் அத்தை. ‘உங்கப்பா இன்னிக்கு இந்தப் பக்கமே வரலை’ங்கறார் படகுக்காரர். ஆனா அப்பாவோட டீக்கிண்ணம் இங்க உங்க டீக்கடையில இருக்கு. மூடி மேல இலை வேற வெச்சிருக்கார்.

யூஃபென்: ‘திரும்பி வருவேன், என் நாற்காலியில யாரும் உட்காராதீங்க’ன்னு அர்த்தம். செங்டூல பொறந்த பிள்ளைக்கு இதையும் நான் சொல்லணுமா?

லீச்சுவான்: தெரியும்... எப்போ வருவார்? பன்னிரண்டு மணிக்கு ஷென்ஜென் ரயில். அவரைக் கையோட கூட்டிட்டுப் போகணும்.

யூஃபென்: இனிமே ஷென்ஜென்ல உன் வீட்லயேவா?

லீச்சுவான்: அங்கேயேதான். அக்காவும் நானும் பேசி முடிவு பண்ணியாச்சு.

யூஃபென்: அவர்கிட்ட பேசினீங்களா?

லீச்சுவான்: அது... அவர் எங்கேன்னு சொல்லுங்க அத்தை.

யூஃபென்: நினைவுத்தூண்கிட்ட இருப்பார். வெளியூர்க்காரங்களைப் பிடிச்சு வெச்சுக் கதை சொல்லுவாரே. ரயில் பாதையை வெள்ளைக்காரனுக்குத் தாரை வார்க்காதேன்னு நம்ம ஊர் ஜனங்க...

லீச்சுவான்: ...போராடிச் செத்தாங்க, அவங்களுக்கு எழுப்பின தூண். பள்ளிக்கூடத்துலயே படிச்சாச்சு. அங்கயும் போயிட்டுத்தான் வர்றேன்.

யூஃபென்: அதுக்கும் முன்னாடி இது, அப்போ நாட்டை ஆண்ட மஞ்சூ ராஜாவோட சிப்பாய்ங்க குடியிருந்த இடம். நம்மாளுங்க உள்ளே கால் வைக்க முடியாது. அதைச் சொன்னாரா?

லீச்சுவான்: யார் சொல்றது? அவர்தான் அங்க இல்லையே.

யூஃபென்: அப்போ செவ்வந்திக் கண்காட்சி.

லீச்சுவான்: முதல்ல அங்கதான அனுப்பினீங்க? போற வழியில, பிள்ளைகளுக்கு வரன் தேடுற அம்மாக்கள் என்னைப் பிடிச்சுக்கிட்டு, சம்பளம் என்ன, சொந்த வீடு உண்டான்னு... எனக்குக் கல்யாணமாகிப் பையன் இருக்கான்னா நம்பவே மாட்டேங்கறாங்க.

யூஃபென்: பொண்டாட்டி இருக்கிறவன் இப்படியா கசங்கின சட்டையோட திரிவான்?

லீச்சுவான்: எனக்குத் தலை சுத்துது. குளம்ங்கறீங்க, தூணுங்கறீங்க, பூங்கறீங்க... ஒரு மனுஷன் எத்தனை இடத்துலதான் இருப்பார்? மணி என்ன ஆச்சு?

யூஃபென்: பன்னிரண்டேகால்.

லீச்சுவான்: ம்...

யூஃபென்: உட்காரு. டீ குடி. நான்தான் தம்பி உன்னை அலைய விட்டேன். ரயில் போய்த் தொலையட்டும்னுதான். அவர் பழகின இடத்தை விட்டு, பேசிச் சிரிக்க ஆளில்லாத ஊருக்கு... நல்லாத் திட்டு என்னை. வாங்கிக்கறேன்.

லீச்சுவான்: நான் ஏன் திட்டப் போறேன்... பன்னிரண்டு மணி ரயில்னு ஒண்ணும் இல்லை அத்தை.

யூஃபென்: என்னப்பா சொல்றே? ஒண்ணும் புரியலை.

லீச்சுவான்: என் ரயில் சாயங்காலம். ஒரே ஒரு டிக்கெட்தான் எடுத்திருக்கேன்.

யூஃபென்: அப்போ இவ்வளவு நேரம் தேடினது?

லீச்சுவான்: தேடினேன், கிடைக்கலைன்னு அக்காகிட்ட சொல்லணுமே. எங்க வீட்ல இன்னொரு கட்டில் போட இடமில்லை. பொண்டாட்டியும் முடியாதுன்னுட்டா. நானும்... மறுத்துப் பேசலை.

யூஃபென்: அடப்பாவி.

லீச்சுவான்: அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. கட்டி இழுத்துட்டுப் போக வந்த பிள்ளைன்னே நினைச்சு என்னை வெறுக்கட்டும். வேண்டாம்னு விட்டுட்டுப் போனேன்னு தெரிய வேண்டாம்.

யூஃபென்: நான் எங்க தம்பி சொல்றது... காலையிலேர்ந்து அந்த வெந்நீர் அடுப்புக்குப் பின்னால உட்கார்ந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கார்.