ரபீக்கின் மஞ்சள் கோடு

உங்கள் போலீஸ் நிலையத்துக் கேன்டீனில் தேத்தண்ணீர் நன்றாகவே போடுகிறார்கள், மேடம். சீனி மட்டும் கொஞ்சம் தூக்கல். நீங்கள் தொடாமலே வைத்திருக்கிறீர்கள், ஆறிவிடப் போகிறது. நான் எங்கும் ஓடிப்போக மாட்டேன். நானாக வந்து உட்கார்ந்தவன். நிதானமாகவே கேளுங்கள்.

என் பெயர் ஜெயந்திரன். ப்ரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்தவன், சுங்கை வேயில் கார் பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்கள். நான் ஒருவன்தான் ஸ்பேனரைப் பிடித்தேன். கல்யாண வீட்டில் யாராவது என்னைப் பற்றிக் கேட்டால் சித்தப்பா "பிஸ்னஸ் பண்றான்" என்று சொல்லி மழுப்பிவிடுவார். அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. சாதாரண காருக்கு டர்போ பூட்டுவதில் எங்கள் பட்டறைக்கு நல்ல பெயர். கிள்ளானிலிருந்தும் செமினியிலிருந்தும் அதற்கென்றே ஆட்கள் வருவார்கள்.

ரபீக் என் கூட்டாளி. பட்டறை என் பெயரில் இருக்கிறது, உழைப்பில் பாதி அவனுடையது. லோஜினி என்ற பெண் கார் தீப்பிடித்து இறந்துபோனதற்கு அவனுடைய கவனக்குறைவுதான் காரணம் என்று நீங்கள் வழக்குப் போட்டிருக்கிறீர்கள். அது தவறு. அதைச் சொல்லத்தான் வந்தேன். எனக்கும் மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதல்லவா.

டர்போ எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் நான் சொல்வது விளங்கும். எஞ்சினிலிருந்து வெளியே போகிற சூடான புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டில் இருக்கிற இன்னொரு சக்கரம் எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும். அந்தத் தண்டு எண்ணெயில் மிதந்தபடிதான் சுழலவேண்டும். அதற்காக எஞ்சினிலிருந்து ஒரு மெல்லிய குழாய் இழுத்து டர்போவின் தலையில் பூட்டுவோம். அதைத்தான் லைன் என்கிறோம். லைனுக்குள் எண்ணெய் அழுத்தத்தோடு ஓடும். டர்போவோ அடுப்பு போலக் காய்ந்து கிடக்கும். எண்ணெயை நெருப்பிலிருந்து பிரித்து வைத்திருப்பது ஒரு போல்ட்டும் இரண்டு செம்பு வாஷரும்தான்.

அதனால் எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. லைன் பூட்டி முடித்ததும் எஞ்சினை நன்றாகச் சூடாக்குவோம். சூட்டில் செம்பு கொஞ்சம் அமுங்கிக்கொடுக்கும். அப்போது போல்ட்டுக்கு மறுபடியும் ஓர் இறுக்கு. அதற்குப் பிறகுதான் பெயிண்ட் பேனாவால் போல்ட்டின் தலைமேல் ஒரு கோடு. எனக்கு வெள்ளை, ரபீக்குக்கு மஞ்சள். கோடு விழுந்துவிட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம். ஒருவன் போட்ட கோட்டின்மேல் இன்னொருவன் கை வைக்கக்கூடாது. கோட்டைப் படமெடுத்து காரின் சொந்தக்காரருக்கு அனுப்பிவிடுவோம். இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவன் நான்.

எனக்கு ரபீக்கைப் பிடிக்காது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவன் கெட்டவன் என்பதால் அல்ல. அவனைக் கெட்டவன் என்று சொல்ல ஆளே கிடைக்காது, அதுதான் தொந்தரவு. போன் அடித்தால் "ரபீக் அண்ணே இருக்காங்களா?" என்பார்கள். இல்லை என்றால் "பரவால்ல, அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுவார்கள். என் பட்டறையில், என் போனில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூச்சோங்கில் டர்போக் கார்க்காரர்கள் கூடியிருந்தார்கள். நாங்களும் போயிருந்தோம். நான் பூட்டிய கார் ஒன்று பானட்டைத் திறந்தபடி நின்றது. லோகன் என்று ஒரு வாடிக்கையாளர் எட்டிப்பார்த்துவிட்டு, "ரபீக் அண்ணே வேலைன்னு பாத்தாலே தெரியுது லா, லைன் எவ்ளோ நீட்டா போகுது" என்றான்.

"இது நான் இல்ல லா. ஜெயா அண்ணன் பூட்டினது" என்றான் ரபீக்.

"ஓ, அப்படியா? அப்போ நீங்க ஒரு தடவ செக் பண்ணிடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ரபீக் சிரிக்கவில்லை. குனிந்து என் வெள்ளைக் கோட்டின்மேல் விரலை வைத்து அழுத்திப் பார்த்தான். "டைட்டாதான் இருக்கு. சூப்பர் வேலை" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். எனக்காகப் பரிந்து பேசினானாம். அன்றைக்கு முடிவு செய்துவிட்டேன், இவன் கோட்டை ஒருவரும் நம்பாமல் செய்யவேண்டும் என்று.

லோஜினியைப் பற்றி நீங்கள் தவறாக நினைத்துக்கொள்ளக்கூடாது. அந்தப் பெண்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. நல்ல பெண். கிள்ளானில் அம்மாவோடு இருந்தாள், பிசியோதெரபி வேலை. அப்பா சண்முகரத்தினம் ஓட்டிய பழைய காரை விற்க மனமில்லாமல், அதற்கு டர்போ பூட்டி செப்பாங் பந்தயத் தடத்தில் ஒரு தடவையாவது ஓட்டிப்பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டாள். வந்த அன்றே, "ரபீக் அண்ணேதான் பூட்டணும் அங்கிள், தப்பா நினைச்சுக்காதீங்க" என்று என்னிடமே சொன்னாள். நான் தப்பாக நினைக்கவில்லை. ரபீக் பூட்டுகிற கார் ஏதோ ஒன்று எனக்கு வேண்டியிருந்தது. அது அவளுடையதாக அமைந்தது.

வேலை முடிந்த நாள் வெள்ளிக்கிழமை. ரபீக் லைனைப் பூட்டிவிட்டு எஞ்சினை ஓடவிட்டுக் கொண்டிருந்தான். சூடேறுவதற்குள் ஜும்மா தொழுகைக்கு நேரமாகிவிட்டது. தயங்கிக்கொண்டு நின்றான்.

"போயிட்டு வா லா. நான் ஒரு சுத்து போயிட்டு வந்து இறுக்கி விட்டுடுறேன்" என்றேன்.

"தேங்க்ஸ் அண்ணே. கோடும் நீங்களே போட்டுடுங்க" என்று அவசரமாகக் கை கழுவிக்கொண்டு கிளம்பினான். லோஜினி எதிர்க்கடையில் ஐஸ் மைலோ வாங்கப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் எஞ்சினை அணைத்து, புது வாஷரை எடுத்துவிட்டு நசுங்கிப்போன பழைய வாஷர் ஒன்றை வைத்தேன். போல்ட்டையும் ஸ்பேனர் போடாமல் கையால்தான் திருகினேன். இதற்கெல்லாம் பெரிய திறமை தேவையில்லை.

பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து தொழிற்பேட்டையை ஒரு சுற்று சுற்றிவந்தேன். டர்போவின் சீழ்க்கைச் சத்தம் கேட்டதும் அவளுக்கு வாயெல்லாம் சிரிப்பு. ஓர் இடத்தில் மூக்கைச் சுளித்தாள்.

"அங்கிள், எண்ணெய் கருகுற மாதிரி இருக்கே?"

"புது லைன்ல அப்படித்தான்மா இருக்கும். பூட்டும்போது மேல பட்ட எண்ணெய் எரியுது. கொஞ்சம் புகைகூட வரும். ஓட ஓட சரியாயிடும்."

அதில் பொய் அதிகமில்லை. எந்தப் பட்டறையிலும் முதல் ஓட்டத்துக்கு அப்படித்தான் சொல்வார்கள். திரும்பி வந்து, அவளை உள்ளேயே உட்காரச்சொல்லிவிட்டு பானட்டைத் திறந்தேன். போல்ட்டின் ஓரத்தில் எண்ணெய் கசிந்திருந்தது. துடைத்தேன். ரபீக்கின் பெட்டியிலிருந்து மஞ்சள் பேனாவை எடுத்துக் கோடு போட்டு, படமெடுத்து அவளுக்கு அனுப்பினேன். படத்தைப் பார்த்துவிட்டு, "ரபீக் அண்ணே கோடு" என்று சந்தோஷப்பட்டாள். சாயந்திரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய் காருக்கு அர்ச்சனை செய்யப்போவதாகச் சொன்னாள். போய்வா என்றேன்.

அவள் சாகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் நாலு பேர் பார்க்கக் கார் புகைந்து நிற்கவேண்டும், ரபீக் கட்டிய கார் என்று அது புகையும் படம் போன் போனாகச் சுற்றவேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். மனிதர்கள் என்னைப் பார்த்துச் சிரித்ததுபோல் அவனைப் பார்த்தும் சிரிக்கட்டுமே என்றுதான் இருந்தேன்.

அவள் பட்டறைக்குப் போன் செய்ததைப் பற்றி முன்பு நீங்கள் கேட்டீர்கள். நன்றி சொல்லக் கூப்பிட்டாள் என்று சொல்லியிருந்தேன். அது சரியல்ல. முதலில் ரபீக்கைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். அவன் பள்ளிவாசலில் போனை அணைத்து வைத்திருந்தான். பிறகு பட்டறைக்கு அடித்தாள். வீட்டுக்குப் போகிற வழியில் பத்து தீகா என்ற ஊர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள்.

"அங்கிள், புகை ரொம்ப வருது. ஓரமா நிறுத்திடவா?"

நிறுத்தியிருந்தால் காரை இழுத்துக்கொண்டு பட்டறைக்குத்தான் வந்திருப்பார்கள். ரபீக் பானட்டைத் திறப்பான். அந்தப் பழைய வாஷரை ஒரு பார்வை பார்த்தாலே அவனுக்கு எல்லாம் விளங்கிவிடும். என்னை ஒன்றும் திட்டமாட்டான். வருத்தத்தோடு பார்ப்பான். அந்தப் பார்வையை என்னால் தாங்கியிருக்க முடியாது. நீங்களாக இருந்தாலும் முடியாது.

"நிறுத்தாதேம்மா. நிறுத்தினா சூடு ஏறிடும். காத்து படட்டும், கொஞ்சம் வேகமா போ" என்றேன்.

"ஓகே அங்கிள்" என்றாள். நல்ல பிள்ளை, பெரியவர்கள் சொன்னதைக் கேட்கிறவள். வேகமாகப் போனால் எண்ணெய் இன்னும் அழுத்தமாகப் பீய்ச்சும் என்று அவளுக்கு எப்படித் தெரியும். எனக்குத் தெரியும்.

அடுத்து நடந்ததெல்லாம் உங்களிடமே இருக்கிறது. ஒன்றை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. நீங்கள் அந்த மஞ்சள் கோட்டுப் படத்தைக் காட்டினால் ரபீக் மறுப்பான் என்று நினைத்தேன். நான் கோடு போடவில்லை, அண்ணன்தான் இறுக்குவதாகச் சொன்னார் என்பான். நான், மஞ்சள் கோடு முன்பே இருந்தது, அதனால் எங்கள் வழக்கப்படி நான் கை வைக்கவில்லை என்பேன். படம் என் பக்கம் பேசும். அவன் பொய்யன் என்று ஊர் சொல்லும். அதற்கெல்லாம் தயாராக இருந்தேன்.

அவன் படத்தை வெகுநேரம் பார்த்திருக்கிறான். பிறகு, "என் கோடுதான். தொழுகைக்குப் போற அவசரத்துல இறுக்காமலே போட்டிருக்கேன் போல. அதை நம்பித்தான் அண்ணன் தொடல" என்று சொல்லிவிட்டான். தன் ஞாபகத்தைவிடத் தன் கோட்டை நம்புகிறவன் அவன். நான் கோடு போட்டிருப்பேன் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. எனக்காக வக்கீல் மாதிரிப் பேசவும் செய்தான். இப்படி ஒருவனை என்னதான் செய்வது, சொல்லுங்கள்.

அந்தியேட்டிக் காரியம் முடிந்தபின் லோஜினியின் அம்மா பூரணம் பட்டறைக்கு வந்தார். சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். வாய்க்கு வந்தபடி ரபீக்கைத் திட்டுவார், நான் ஓரமாக நின்று கேட்கலாம் என்று காத்திருந்தேன். ரபீக் அவர் காலடியில் உட்கார்ந்து அழுதான். அவள் கூப்பிட்டபோது போனை எடுக்காமல் போய்விட்டேனே என்று அதையே சொல்லிச் சொல்லி அழுதான்.

"நீங்க வேணும்னு செய்யல தம்பி. எனக்குத் தெரியும்" என்று அவன் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். "என் பிள்ளை உங்களை எவ்வளவு நம்பினா தெரியுமா. உங்க மேல எனக்குக் கோபமே இல்ல. நீங்க சாப்பிடாம கிடந்தா அவளுக்குத்தான் பொறுக்காது."

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் யாரென்றுகூட அவருக்குச் சரியாகத் தெரியவில்லை.

"அண்ணே, இந்தத் தம்பிக்குக் குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டு வர்றீங்களா?" என்றார்.

கொண்டுவந்து கொடுத்தேன். அன்றிரவிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. குற்ற உணர்ச்சி என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம், நானும் அதைத்தான் நினைக்கிறேன். இல்லாவிட்டால் யாரும் கூப்பிடாமல் ஒருவன் தானாக வந்து இப்படி ஒப்புக்கொள்வானா.

ஆகவே, மேடம், லோஜினியைக் கொன்றது நான். வாஷரை மாற்றியதும் நான், நிறுத்தாதே என்றதும் நான். ரபீக்குக்கு இதில் எள்ளளவு பங்கும் கிடையாது, அதைத் தெளிவாக எழுதுங்கள். எழுதி முடித்ததும் பூரணம் அம்மாவுக்கு ஆள் அனுப்பி வரச்சொல்லுங்கள். அவர் ஆள் மாறி மன்னித்துவிட்டார். அந்த மன்னிப்பை ரபீக்கிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளட்டும். அது எனக்கு வரவேண்டியது.